கூழ்க்காரி, ஐந்தாம் நிலை

பீல் நகரத்தில், எங்கள் குடியிருப்பின் அடியில்
ஒரு சாண் தடிப்பில் இரும்புக் கதவு.
குண்டு விழும் நாளில் நாற்பத்தியிரண்டு பேர் ஒதுங்கலாம் என்று
சுவரில் எழுதியிருக்கிறது.
வியாழன் இரவுகளில் நாங்கள் ஐந்து பேர் ஒதுங்குகிறோம்.
பக்கத்து அறையில் யாரோ
முறை தப்பி உடுப்புத் தோய்க்கிறார்கள்.

ஆட்டத்தை நடத்துபவள் நான்.
பகலில் கடிகார முகப்புகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்
கீறல் உள்ளவற்றை ஒதுக்கும் வேலை.
இரவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூதங்களை மட்டும் பார்க்கிறேன்.

பழைய ஓர்க்குகள் அலுத்துவிட்டன.
பச்சைத் தோல், பன்றிப் பல், பதினைந்து உயிர்ப்புள்ளி.
கதவு திறந்ததும் கத்திக்கொண்டு ஓடிவந்து
மூன்றாம் சுற்றில் செத்துப்போவார்கள்.
ரேட்டோ ஒவ்வொரு சாவுக்கும்
ஒரு பியர் மூடியைக் கவிழ்த்து வைப்பான்.

ஆகவே இந்த மாதம் புதியவர்கள்.
கிட்டப்பார்வை ஓர்க்:
வில்லில் பிசகமாட்டான், ஆளில் பிசகுவான்,
ஒற்றை விழுந்தால் தன் தலைவனையே எய்வான்.
இரட்டை ஓர்க்குகள்: ஒருத்திக்கு வெட்டு, மற்றவளுக்கு இரத்தம்.
பாலத்துச் சுங்க ஓர்க்: வாளுக்கு அஞ்சான்,
ரசீது கேட்டால் மட்டும் கூனிக் குறுகுவான்.
‘இவன் ஓர்க் இல்லை, எங்கள் நகரசபை’ என்றாள் ஊர்சினா.

கூழ்க்காரியின் அட்டைக்கு மட்டும் மூன்று இரவு பிடித்தது.

போருக்கு முன் வரமாட்டாள்.
போர் முடிந்து, நீங்கள் பிணங்களின் பையைத் துழாவும்போது
முதுகில் பானையோடு வருவாள்.
கவசம் இல்லை. ஆயுதம் அகப்பை.
விழுந்து கிடக்கும் தலைக்கவசங்களை நிமிர்த்தி ஊற்றுவாள்,
செத்தவருக்கு ஒன்று, சாகாதவருக்கு ஒன்று.
குடித்தால் எட்டுமுகப் பகடை அளவு உயிர் திரும்பும்.
மறுத்தால் ஒன்றும் ஆகாது.

அந்தக் கடைசி வரிதான் அவர்களைக் கலங்கடித்தது.
‘விஷம்’ என்றான் ரேட்டோ.
‘மாயம்’ என்றான் சில்வேன், பிரெஞ்சில், இன்னும் பயங்கரமாக.
ஊர்சினா பொய்யறியும் மந்திரம் போட்டாள். பத்தொன்பது.
‘பொய் இல்லை’ என்றேன்.
அப்படியானால் இன்னும் பெரிய பொய் என்று முடிவுசெய்தார்கள்.
வளர்ந்த மனிதர்கள், வங்கிக்கடன் உள்ளவர்கள்,
ஓர் அகப்பைக் கூழுக்காக நாற்பது நிமிடம் வாதாடினார்கள்.
கபிலாஷ் மட்டும், ‘பசிக்குது, நான் குடிக்கிறன்’ என்று
உருட்டி, ஆறு புள்ளி வாங்கி, வாயைத் துடைத்தான்.
அதற்குப் பிறகும் அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
எப்போது நுரை தள்ளுவான் என்று.

ரேட்டோவிடம் மிச்சம் ஒரே ஒரு உயிர்ப்புள்ளி.
‘குத்துகிறேன்’ என்றான்.

பகடை மேசையைத் தாண்டித் தரையில் ஓடியது.
ஐந்து தலைகள் மேசைக்கடியில்.
ஒன்று.

‘தாயம்!’ என்று என் வாய் கத்திவிட்டது.
கபிலாஷ் சிரித்தான், மற்றவர்களுக்கு விளங்கவில்லை.
எங்கள் ஆட்டத்தில் காய் பிறப்பது அந்த எண்ணில்.
இங்கே அதற்கு, வாள் வழுக்கிச்
சொந்தத் தொடையில் இறங்குவது என்று பொருள்.

ரேட்டோ தன் மூடி ஒன்றைத் தானே கவிழ்த்தான்.

கூழ்க்காரி இப்போது என்ன செய்வாள்?
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமை.
தன்னைக் குத்த வந்தவனைப் பற்றி நான் எழுதவேயில்லை.
எழுதியிருந்ததை மறுபடி வாசித்தேன்,
செத்தவருக்கு ஒன்று, சாகாதவருக்கு ஒன்று.
எட்டுமுகப் பகடையை அவன் பக்கம் தள்ளினேன்.

‘நான்தான் செத்துவிட்டேனே.’
‘அவள் நாடி பார்க்கவில்லை, ரேட்டோ. ஊற்றுகிறாள்.’

அவன் உருட்டவில்லை.
பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.
அடுத்த அறையில் இயந்திரம் பிழியத் தொடங்கி
மூடிகள் மேசையில் மெல்ல நடுங்கின.

‘அந்தக் கூழில்’ என்றான் கடைசியில்,
‘உப்பு இருக்கிறதா?’

அதையும் நான் எழுதியிருக்கவில்லை.
‘கொஞ்சம் குறைவு’ என்றேன்.