அறிவிப்பின் நான்காவது வரைவு

மலை கனத்திருக்கிறது என்று
வானிலைக்காரர் தொலைபேசியில் சொன்னார்.
அவர் சொன்ன சொல் அதுதான்: கனத்திருக்கிறது.
நிறைமாதக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல.
நான் ஊராட்சி எழுத்தர்.
அந்தச் சொல்லை அறிவிப்பில் போட முடியாது.

முதல் வரைவு: உடனடியாக வெளியேறவும்.
போன பிப்ரவரியிலும் இதையேதான் ஒட்டினோம்.
மேல்தெருவில் ஒரு விளக்குகூட அணையவில்லை.
ஹால்பியோர்ன் அந்தத் தாளின் முதுகில்
செம்மறிக் கணக்கு எழுதிக்கொண்டார்.
அந்த முறை பனி பாதிச் சரிவில் நின்றுவிட்டது.
நியாயம் அவர் பக்கம் போய்விட்டது.

இரண்டாவதில் உயிருக்கு ஆபத்து என்றேன்.
மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர்களின் ஊர் இது.
ஆபத்தைக் காட்டி இங்கே யாரையும்
நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாது.

மூன்றாவதில் தயவுசெய்து.
வாசித்துப் பார்த்தேன்,
கடன் கேட்கிறவளின் குரல்.

ஐஸ்லாந்தின் மேற்கு விளிம்பில்
டிசம்பர் மூன்று மணிக்கே இருட்டு.
பிரதி இயந்திரம் சூடேறிக் காத்திருந்தது.
தாள்களை அருகருகே வைத்தபோதுதான் தெரிந்தது,
மூன்றுமே போ என்றன.

பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்,
ஆடுகளையும் கூட்டிக்கொண்டு,
சூப் கொதிக்கிறது என்று எழுதினேன்.
சூப் கொதிக்கவில்லை.
அச்சடித்த பிறகுதான் ஸ்டெய்ன்வோரைக் கூப்பிட்டு
அடுப்பை மூட்டச் சொன்னேன்.

ஏழரைக்கு முதல் டிராக்டர்.
ஒன்பதுக்குள் உடற்பயிற்சிக் கூடத்தில்
அறுபத்திரண்டு பேர், நூற்றுச்சொச்சம் ஆடுகள்,
கூடைப்பந்துக் கம்பத்தில் கட்டிய ஒரு கிடா.
ஹால்பியோர்ன் கடைசியாக வந்தார்.
கூப்பிட்டாய், வந்தேன் என்றார்,
கிண்ணத்தை நீட்டியபடி.
துரத்தப்பட்டவரின் முகமே இல்லை அவருக்கு.

விடிவதற்கு வெகுநேரம் முன்பு
மலை இறங்கியது.
அந்தச் சத்தத்துக்கு நான் சொல் தேடப்போவதில்லை.
காலையில் மேல்தெரு என்பது
ஒரு புகைபோக்கி,
ஒரு தபால்பெட்டியின் மூடி.

மார்ச்சில் ரெய்க்யவிக்கிலிருந்து ஒருவர் வந்தார்.
நல்ல கம்பளிக் கோட்டு.
மேல்தெருவையும் கீழ்த்தெருவையும் சேர்த்து வாங்க
அவருடைய நிறுவனத்துக்கு விருப்பம்.
பையில் என் அறிவிப்பை மடித்து வைத்திருந்தார்.
விற்றுவிடுங்கள் என்று நாங்கள் எழுதினால்
ஒரு கதவும் திறப்பதில்லை,
எங்கள் கடிதத்துக்கும் இதே கை வேண்டும் என்றார்.

காபி கொடுத்தேன். குடித்தார்.
வாருங்கள் என்ற இடத்தை
விரலால் தொட்டு உரக்கப் படித்தார்.
அவர் வாயில் அது கெட்டுப்போயிருந்தால்
எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.
கெடவில்லை.
சூப் வாசனைகூட அப்படியே இருந்தது.

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.
ஏன் கேட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

வாசல்வரை போய் வழியனுப்பினேன்.
எப்போதும் சொல்கிற மாதிரி
மறுபடி வாருங்கள் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
பாதை வழுக்கும், என்றேன்.