காண்டா

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள்
தாராவி பதிமூணாம் காம்பவுண்டுக்குள்
டெம்போ நுழைய இடமில்லை.
ஜெயித்தவர்கள் ஃப்ளெக்ஸ், தோற்றவர்கள் ஃப்ளெக்ஸ்,
எல்லாம் பங்காருக்குத்தான்.
கிலோ ஒன்பது ரூபாய்.
கம்பி கழற்றாமல் வந்தால் ஏழு.
முகத்துக்குத் தனி விலை கிடையாது.

பதினோரு வருடமாகக் காண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன்.
காண்டா என்றால் இங்கே தராசு.
நாசரேத்தில் அக்காவிடம் சொன்னால்
"நீ காண்டானா எனக்கென்ன" என்று சிரிப்பாள்.
கொஞ்சம் அதுவும்தான்.

கொழுந்தன் ஏசுவடியான் ஆளும் கட்சிக்காரன்,
ஃபோனுக்குள் மட்டும்.
"குழாயில தண்ணி வந்துச்சா இல்லியா மைனி?"
வந்தது.
நாலே முக்காலிலிருந்து ஐந்தேகால் வரை
சத்தியமாக வந்தது.
கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய்,
யார் வாசலிலும் நிற்காமல் விழுந்தது.
அதில்தான் சின்னவளுக்குக் கண்ணாடி போட்டேன்,
போர்டு தெரிகிறது என்கிறாள்.
இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும்.

அதே அரசாங்கம்தான்
தள்ளுவண்டிக்காரர் ஒவ்வொருவரும்
தன் பெயரை, தகப்பன் பெயரை
ஒரு முழத் தகரத்தில் எழுதி மாட்டச் சொன்னது.
சுகாதாரத்துக்காம்.
அதுவரை அவர் எல்லாருக்கும் பப்பாளிக்காரர்.
மாட்டினார், நியாமத் அலி ஆனார்.
யாரும் அடிக்கவில்லை, ஒரு வசவு இல்லை.
நாலு வண்டி தள்ளிப் போய் வாங்கினார்கள்,
அவ்வளவுதான்.
"உன் பேரையும் தகரத்துல எழுதச் சொன்னா?" என்றேன்.
ஏசுவடியான் ஃபோனைப் பார்த்தான்.

எதிர்க்கட்சியைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் வெட்கம்.
இருபது வருடம் என் விரலில் இருந்த மை
அவர்களுக்கு வைத்தது.
அந்தச் சட்டம் ஓட்டுக்கு வந்த அன்று
பாதிப் பேர் வெளிநடப்பு,
படிக்கட்டில் நின்று ஃபோட்டோ.
மீதிப் பேர் ஏதோ கல்யாணத்தில்.
தலைவருடைய மகனின் மகன் ஒருநாள் வந்தான்,
நியாமத் அண்ணனிடம் பப்பாளி தின்றான்,
ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டிச்
சில்லறை வேண்டாம் என்றான்.
அதுதான் அவர்கள் கொள்கை போல:
சில்லறை வேண்டாம்.
வார்டுக்காரர் ஷிர்கே மட்டும்
கமிஷனருக்குக் கடிதம் எழுதினார், உண்மையிலேயே எழுதினார்.
அது போய்ச் சேர்வதற்குள் கட்சி மாறிவிட்டார்.

இன்று மூட்டை பிரித்தால்
இரண்டு பக்கத்து ஃப்ளெக்ஸிலும் ஷிர்கே.
ஒன்றில் கும்பிடுகிறார், ஒன்றில் கையசைக்கிறார்.
சட்டை ஒன்றுதான்.

"யாருக்குத்தான் மைனி போட்டிய?"
இந்தக் காண்டாவுக்கு ஒரே தட்டு.
ஏற்றி, எழுதி, இறக்கினால்தான் அடுத்தது.
எதிரெதிரே வைத்துப் பார்க்கிற பழைய தராசை
போன வருடம் நாங்களே உடைத்து விற்றோம்,
பித்தளைக்கு நல்ல விலை.
"அவங்க அடுப்பே பத்த வைக்கலன்னு
இவங்க கூரையில வச்சது அடுப்பாயிடுமா?" என்றேன்.
"அப்ப தண்ணி?" என்றான்.
தண்ணீரும் நிஜம்தான் என்றேன்.
இரண்டு பேரும் டீ குடித்தோம்.

மூன்று மணிக்கு நியாமத் அண்ணன்
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
விற்பதற்கு.
இரும்பு முப்பத்தொரு கிலோ.
பலகை நாங்கள் எடுப்பதில்லை.
தகரம் கடைசியில்.
"இதையும் போடு பெஹன்."
நல்ல எழுத்து,
காசு கொடுத்து எழுத வைத்தது,
'அலி'க்குக் கீழே ஒரு சின்னப் பூ.
போட்டேன்.
நம்பர் அசையவில்லை.
அரைக் கிலோவுக்குக் குறைந்ததை
இந்தக் காண்டாவுக்குத் தெரியாது.

ரசீதில் முப்பத்திரண்டு என்று எழுதினேன்.
பதினோரு வருடத்தில் முதல் கள்ளக் கணக்கு.
அவர் கூட்டிப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மடித்துப் பையில் வைத்தார்.
பின்னால் டெம்போ ஹாரன் அடித்தது.
இன்னும் ஃப்ளெக்ஸ்.