இருபத்து மூவாயிரம் கிப்

ஹுவாய்சாயில் படகு ஏறியபோது
கணக்கு நோட்டு என் பையில் இருந்தது.
தைச்சுங்கில் படிப்புக்காக வாங்கியது.
முன்பக்கமெல்லாம் பாலிமர் சமன்பாடுகள்,
பின்பக்கத்திலிருந்து
யார் யாருக்கு எவ்வளவு.

பெயர்களுக்கு என் மொழியில் முதலெழுத்து.
இல்ஸேக்கு இ.
'படுத்திருக்கும் பூனை' என்றாள்,
அதற்குமேல் கேட்கவில்லை.
பெக்ஸாத்துக்குத்தான் சந்தேகம்:
'எனக்கு மட்டும் ஏன் இரண்டு?
முன்னால் நிற்பவன் யார்?'
அது கொம்பு என்றேன்.
தனியாக நிற்காது, உன்னோடு சேர்ந்தால்தான் சத்தம்.
அவன் வெகுநேரம் அதையே வரைந்துகொண்டிருந்தான்,
தன் டிக்கெட்டின் பின்புறத்தில்.

படகின் இருக்கைகள்
எப்போதோ வேன்களில் ஓடியவை.
தரையில் ஆணி அடிக்கவில்லை.
ஆறு வளையும் இடங்களில்
மூவரும் இருக்கையோடு ஒரு விரல் நகர்ந்தோம்.
மீகாங் காப்பியில் பால் ஊற்றிய நிறம்.
படகுக்காரரின் மனைவி புவா
பின்கட்டில் நூடுல்ஸ் வேகவைத்தாள்.
விலை கேட்டால் விரல்களைக் காட்டுவாள்,
மகன் அரிசி மூட்டைமேல் தூங்குகிறான்,
எழுப்பிவிடக் கூடாது.

எல்லோரும் மலைகளைப் படம் எடுத்தோம்.
ஒருவர் மட்டும் எடுக்கவில்லை.
மோட்டார் சைக்கிளோடு வந்திருந்தார்,
யெங் என்று பெயர் சொன்னார்,
ஆரஞ்சு உரித்துத் தந்தார்.
ஊர் எங்கே என்றதற்கு
கரையைக் காட்டினார்.
அங்கே மணலும் பாறையும்தான்.
ஒரு சிறுமி மட்டும்
குடை பிடித்து நின்றிருந்தாள்.

வண்டியை இறக்க நாலு பேர் வேண்டும்.
பெக்ஸாத் இடுப்பளவு நீரில் குதித்தான்.
வண்டி கரை ஏறியது.
அவனுடைய ஒரு செருப்பு
ஏறவில்லை.

பாக்பெங்கில் இரவு மின்சாரம் போய்விட்டது.
கைப்பேசி வெளிச்சத்தில் ரப்பர் செருப்பு வாங்கினோம்.
இருபத்து மூவாயிரம் கிப்.
அவனிடம் சில்லறை இல்லை, நான் கொடுத்தேன்.
'பொதுச் செலவு' என்றாள் இல்ஸே,
'நாம்தானே உன்னைக் குதிக்க விட்டோம்.'
'என் கால், என் செலவு' என்றான்.
மூன்றால் வகுத்தேன், வகுபடவில்லை.
ஆளுக்கொரு குரல் உயர்ந்தது,
ஒரு டாலர்கூடப் பெறாத செருப்புக்கு.

உண்மையில் நாங்கள் செருப்பைப் பற்றிப் பேசவில்லை.
இல்ஸே ஹனோய்க்கு வரப்போவதில்லை,
லியபாயாவில் வேலை கிடைத்திருக்கிறது,
மூன்று நாளாகச் சொல்லாமல் இருந்தாள்.
அன்று சொன்னாள்.
பெக்ஸாத் புதுச் செருப்பைக் கழற்றி
வாசலில் நேராக வைத்துவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் படகில் நான் தூங்குவதுபோல் இருந்தேன்.
லுவாங் பிரபாங்கில் கட்டிக்கொண்டோம்,
பைகள் முதுகில் இருந்ததால்
கைகள் பாதிதான் எட்டின.
நோட்டில் அந்தத் தொகை
எவர் பெயரும் இல்லாமல்
ஓரத்தில் கிடந்தது.

ஒரு செருப்பு இன்னும் போய்க்கொண்டிருக்கும்.
வியந்தியான் தாண்டி,
எங்களுக்கு விசா இல்லாத நாடு தாண்டி.
இப்படி நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது.
முதல் மரத்தடியிலேயே
சிக்கியிருக்கவும் கூடும்.

கோத்தன்பர்க்கில், நவம்பரில்,
ஆய்வகத்தின் கையுறையோடு இருந்தபோது
வங்கியிலிருந்து செய்தி.
கரகண்டாவிலிருந்து பணம்.
இருபத்து மூவாயிரம் கிப்பை
டெங்கேயாக்கி, குரோனாவாக்கி,
காசு பிசகாமல் அனுப்பியிருந்தான்.
அனுப்பும் கட்டணம்
தொகையைப் போல ஒன்பது மடங்கு.

அடைத்துத் தீர்க்கிறானா என்று
கொஞ்சம் கோபம் வந்தது.

பிறகுதான் குறிப்புப் பகுதியைப் பார்த்தேன்.
எந்த விசைப்பலகையில் தேடினானோ,
வரிசை மாற்றி அடித்திருக்கிறான்:
முதலில் ப,
பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு
கொம்பு
தனியாக.