முகம் பொருந்தவில்லை

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி, விடிகாலை நாலேமுக்கால்.
மோட்டார் சைக்கிள் வரிசை பாலம்வரை நீண்டிருக்கும்.
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டுவேன்.
கடப்பிதழில் ஒரு முகம், கையெட்டும் தூரத்தில் ஒரு முகம்.
இரண்டும் ஒன்றுதானா?
பத்தொன்பது வருடமாய் இதற்குத்தான் சம்பளம்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
எல்லா முகமும் தண்ணீருக்கடியில் போனது.
முந்தின வாரமே காதுக்குள் இரைச்சல்,
பின்மண்டையில் வலி.
வேலைக் களைப்பு என்றிருந்தேன்.

தாடையை ஏந்தலில் வைக்கச் சொன்னார் டாக்டர் இயோ.
"உங்களுடைய டி அணுக்கள்தான்" என்றார்,
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் புகார் சொல்கிறவர்போலத் தயங்கி.
மார்பெலும்புக்குப் பின்னால் அவற்றுக்கு ஒரு பள்ளியாம்.
தன்னவரைத் தொடாதே என்பதுதான் பாடம்.
தவறுகிறவை அங்கேயே அழிக்கப்படும்;
சில எப்படியோ தேறிவிடும்.
கண், அவை எளிதில் நுழைய முடியாத வட்டாரம்.
நுழைந்துவிட்டன.
முழு முகம் பார்ப்பதில்லை அவை,
யாரோ நீட்டும் ஒரு புரதத் துண்டு போதும்
கூட்டத்தைக் கூப்பிட.

எதைத் தேடுகின்றன?
"கருமையை. நிறம் செய்யும் அணுக்களை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பெண் பார்த்துப் போன மூன்று குடும்பங்கள்,
பள்ளி நாடகத்தில் எனக்கென்றே எழுதிய இரவு வேடம்,
தேக்கா கடையில் கேட்காமலே எடுத்து நீட்டிய களிம்பு.
அத்தனை பேரும் பாதியில் விட்ட வேலையை
என் ரத்தமே எடுத்துக்கொண்டதா?

அன்று முதல் காலையில் பன்னிரண்டு மாத்திரை.
அணுக்கள் அடங்கின, எழுத்துகள் திரும்பி வந்தன.
கன்னம் உப்பியது.
இரவு இரண்டு மணிக்கு ரொட்டி தேடினேன்.

ஜூனில் இடது இமையில் மூன்று முடி வெளுத்தது.
விழியின் உட்புறத்தைத் திரையில் காட்டினார்:
கருமை கழன்று ஆரஞ்சாய்க் கனன்றது.
அந்திச் சிவப்பு என்றே பெயராம் அதற்கு.
அழகாகத்தான் இருந்தது.
அவரிடம் சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள்
ஊழியர் வாயிலில் இயந்திரம் என்னைப் பார்த்தது,
மறுபடி பார்த்தது,
முகம் பொருந்தவில்லை என்றது.
எனக்குப் பின்னால் ஐந்து பேர்.

நூர் ஹஸ்லிண்டா கூண்டைவிட்டு வந்தாள்.
அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
நான் பார்க்கிற அதே வரிசைதான்:
முதலில் காது,
அவ்வளவாக உப்பாது அது.

"தவமலர், கட்டைவிரல்."

வைத்தேன்.
பச்சை விளக்கு யோசித்துக்கொண்டிருந்த நொடியில்
ஒரு வெள்ளை முடி
கண்ணுக்குள் விழுந்து உறுத்தியது.