தேதிகள் மட்டும்

காவல்துறைத் தாள் சுத்தமாக வந்துவிட்டது.
நீதிமன்றத் தேடலும் சுத்தம்.
முதலுதவிச் சான்றிதழ், நெஞ்சுப் படம்,
தேய்த்த சட்டையில் ஒரு கடவுச்சீட்டுப் புன்னகை.
விண்ணப்பதாரர் பதினேழு.
இரவுப் பணி, மூன்றாம் மாடி, எட்டுக் கட்டில்.

மிச்சம் ஒரே ஒரு கட்டம்:
முந்தைய இல்லத்தில் விசாரித்தாயிற்றா?

ஈசூனிலிருந்து தோ பாயோவுக்கு அழைத்தேன்.
மேடம் குவெக் எடுத்தார்,
வாயில் மதியச் சோறு இன்னும் இருந்தது.
"ஆமாம், இங்கே வேலை செய்தார்,
மார்ச் மூன்று முதல் நவம்பர் பத்தொன்பது வரை.
தேதிகளை மட்டும்தான் நாங்கள் உறுதிசெய்வோம்."

மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா என்றேன்.

இரண்டு விநாடி.
அந்தப் பக்கம் மின்விசிறி கிறீச்சிட்டது.
யாரோ ஒரு இழுப்பறையைச் சாத்தினார்கள்.
"தேதிகள் மட்டும்" என்றார்.

என் படிவத்தில்
இரண்டு விநாடியை எழுத இடம் விடவில்லை.

மூன்றாம் மாடியில் வெய் சியோங்.
மேசையில் ஒரு தட்டு என்றால் பசி,
இரண்டு என்றால் வலி.
பயத்துக்குத் தட்டு கிடையாது,
கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.
இர்ஃபான் ரயில் அறிவிப்பை
நான்கு மொழியிலும் பிசகாமல் சொல்வான்.
கதவு மூடப்போகிறது, கதவு மூடப்போகிறது.
கதவு மூடியபிறகு என்ன நடந்தது என்று
ஒரு மொழியிலும் சொல்லமாட்டான்.
ரோஸலிண்டுக்கு
மைலோ கலக்கித் தரும் எல்லாரும் நல்லவர்கள்.

நான் இங்கே சேர்ந்தபோது
என்னையும் அலசினார்கள். சுத்தம்.

ஜூரோங் வெஸ்ட், பதினோராம் மாடி,
மின்தூக்கி பழுதான ஒரு வெள்ளிக்கிழமை.
நாலாவது முறையும் தட்டைத் தள்ளிவிட்டான்
என் தம்பி குணாளன்.
அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.
பிடித்தேன் என்றுதான்
இத்தனை வருஷமாய்ச் சொல்லிக்கொள்கிறேன்.
நாலு விரலும் ஞாயிறுவரை அதில் இருந்தன.
அம்மா எண்ணெய் தடவினாள்.
அவனையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.
அன்று யாராவது அவளை அழைத்து
என்னைப் பற்றி விசாரித்திருந்தால்
அவளும் தேதிகளைத்தான் சொல்லியிருப்பாள்:
பிறந்தது முதல் கல்யாணம் வரை
இங்கேதான் இருந்தாள் என்று.

ஒருவேளை குவெக்கின் பல்லில்
ஒரு பருக்கை சிக்கியிருக்கலாம்.
ஒருவேளை விடுப்புக் கேட்டதில் பழைய மனஸ்தாபம்.
ஒரு ஆளின் சம்பளத்தை, அவன் வீட்டு வாடகையை
ஒரு மின்விசிறிச் சத்தத்தை வைத்து
நான் நிறுத்தலாமா?

ஆறு வாரமாய் இரவுக்கு ஆளில்லை.
ஹொசேலிட்டோ இரட்டை வேலை பார்க்கிறான்,
படுக்கைவிரிப்பு அலமாரியில் சாய்ந்து
நின்றபடி தூங்குகிறான்.
டெஸ்மண்ட் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டார்.
"கிளியரா?"
கிளியர் என்று வாய்வரை வந்தது.
"இன்னும் ஒரு அழைப்பு" என்றேன்.

ஐந்து நாற்பது. வெளியே மழை
கார் நிறுத்தத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது.
மறுபடி அதே எண்.
மேடம், இது படிவத்துக்கு இல்லை.
மேலே எட்டுப் பேர். மூன்று பேருக்குப் பேச்சு இல்லை.
தேதி எனக்கு வேண்டாம்.

எண்ணினேன். இரண்டைத் தாண்டியது.
ஐந்து. ஏழு.
அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.
கதவு சாத்தப்பட்டது.
மின்விசிறியும் நின்றது.

"உன்னிடம்" என்றார் மேடம் குவெக்,
"எவ்வளவு நேரம் இருக்கிறது?"