நாலாவது துளை

கெப்பை ஓட்டிக்கொண்டு வரவில்லை தங்கேஸ்வரி.
கந்தப்பளை மேட்டில் என்ஜினை அணைத்துவிட்டு
சரிவில் உருட்டி வந்து
கராஜ் வாசலில் நிறுத்தினாள்.
டீசல் விலை அப்படி.
பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் என்று நான் கேட்கவில்லை.

"பூ மட்டுந்தான் ஏத்துனாங்களாம்.
லில்லிப் பூ. பாரமே இல்லையாம்."

ரப்பர் விரிப்பைச் சுருட்டினேன்.

கேபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவே
இடப்பக்கம் இரண்டு விரல் போகிறது,
வலப்பக்கம் நகம்கூட நுழையவில்லை.
சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனேன்:
டண், டண், டண்,
சக்கர மேடு தாண்டியதும் பொத்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று
எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.
பொத் என்ற இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கியது.
அங்கே தகரமே இல்லை, பட்டி.
பட்டிக்கு மேல் வெள்ளைப் பெயின்ட்,
பெயின்டுக்கு மேல் விரிப்பு,
விரிப்புக்கு மேல் லில்லிப் பூ.

முன்சுவரில் ஒரு வீக்கம்,
உள்ளிருந்து கேபின் பக்கம் தள்ளியிருந்தது.
பிரேக் அடித்த நொடியில்
ஏதோ ஒன்று நிற்க மறுத்திருக்கிறது.
கருங்கல்லா, ஜெனரேட்டரா,
தகரம் பெயர் சொல்லாது.
உயரம் மட்டும் சொல்லும்: என் முழங்கால்.

பிறகுதான் அந்த நான்கு துளை.
சதுரமாக, சவர்க்காரம் அடைத்து, மேலே பூசி.
இரும்பு ஸ்டாண்ட் நின்ற இடம்.
அதன் உச்சியில் இரண்டு ஒலிபெருக்கி,
வீடு, ரோடு, காணி உறுதி என்று
தோட்டம் தோட்டமாகக் கத்தியிருக்கும்.
கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
கீழே படுத்துப் பார்த்தேன்,
துளை வழியே இறங்கிய மழை
குறுக்குச் சட்டத்துக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது.
ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன்,
ஊறின பிஸ்கட்டுக்குள் போவதுபோல் போனது.

நாலாவது துளை கொஞ்சம் கோணல்.
என் ட்ரில் ஆடிக்கொண்டிருந்த வருசம்
நான் போட்டதெல்லாம் அப்படித்தான் சாய்ந்தது.
நிறம் வேறாக இருந்தது அப்போது. பச்சையோ, நீலமோ.
விளிம்புக்கு ஒரு சொட்டு பெயின்ட் வைக்கவில்லை நான்.
அவசரப்படுத்தினார்கள்,
காசும் பாதிதான் தந்தார்கள்.

"பட்டி போட்டு மறைச்சா பன்னிரண்டாயிரம்," என்றேன்,
"ஒரு மழைக்காலம் நிக்கும்.
வெட்டி எடுத்துச் செஞ்சா எழுபது."
சீட்டுக் காசு அறுபத்தைந்து இருந்தது அவளிடம்.
கீழே குனிந்து, என் டார்ச்சை வாங்கி
அவளே பார்த்தாள், அவசரமில்லாமல்.
"வெளிய தெரியிற நெளிவெல்லாம் அப்பிடியே கெடக்கட்டும்.
அடியில உள்ளத செஞ்சிருங்க.
லீக்ஸ் வாங்குறவன் வண்டியவா பாக்குறான்?"

எட்டு போல்டில் மூன்றுதான் கழன்றது.
மிச்சம் கிரைண்டரில் போனது.
பெட்டியைத் தூக்கி டிரம்மில் வைத்து
கிழங்கு தோல் சீவுவதுபோல் துருவைச் சீவி,
நல்ல இரும்பு தொடங்கும் வரை பின்வாங்கி வெட்டி,
புதிய தகட்டை
இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு,
சூட்டில் நெளியாதபடி தள்ளித் தள்ளி ஒட்டினேன்.
குறுக்குச் சட்டம் மூன்றும் புதிது.
மூன்றாவதற்கு நான் கணக்கு எழுதவில்லை.
பனி இறங்கி பிரைமர் காயாமல்
இரண்டு நாள் பல்பு கட்டிவிட்டுக் காத்திருந்தோம்.

பில்லை இரண்டு தரம் பார்த்தாள்.
"ஒண்ணு விட்டுப்போச்சே."
"போகட்டும்."
"ஏன்?"
ட்ரில்லை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே துடைத்த ட்ரில்லை.
அவள் அந்தக் கோணல் துளை இருந்த இடத்தைப் பார்த்தாள்,
அல்லது அந்தப் பக்கம் சும்மா பார்த்தாள்.

"கழுவுன மரக்கறியில தண்ணி வடியும்," என்றாள்,
"ஓட்டையே இல்லாம அடைச்சு வச்சிருக்கீங்க."

அது உண்மை.
பள்ளமான மூலையில், சட்டத்தைத் தொடாத இடத்தில்
இரண்டு துளை போட்டேன், நேராக.
விளிம்புக்குப் பெயின்ட் வைத்தேன், இருதரம்.
அவள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு
சக்கரத்தருகே குந்திக்கொண்டாள்.
நானும்.