ஒரு தலையணைக்கு மட்டும்

பார்லரில் பழைய சரக்கை ஒதுக்கிய அன்று
ரெஹானா மேடம் என் கையில் வைத்தது
கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் குப்பி.
'இன்னும் ரெண்டு மாசம் டேட் இருக்கு.
தலகாணியில ரெண்டு சொட்டு விடு.
உன் கண்ணுக்குக் கீழயே இவ்ளோ கருப்பு,
நீ யாருக்குடி ஃபேஷியல் பண்ணப்போற?'

தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரைக்கும்
பஸ்ஸில் அது பர்ஸுக்குள்
சில்லறையோடு உரசிக்கொண்டு வந்தது.
மூடி திறக்காமலே
முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

லேபிளில் ஊதாப் பூ.
எங்கள் பூக்காரி அதை முழம் போட்டதில்லை.
கோயிலுக்கும் போகாது, கல்லறைக்கும் போகாது போல.
லாவெண்டர், லாவெண்டர் என்று
புது மருமகளைக் கூப்பிடுவதுபோல்
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

முதல் ராத்திரி இன்பநாதன்
தன் தலையணையை முகர்ந்துவிட்டுச் சொன்னார்,
'யார்டு ஆபீஸ் கக்கூஸ் கழுவுற வாசனை.'
சொல்லித் திரும்பிப் படுத்தவர்
நாலாவது மூச்சில் குறட்டை.

எனக்குத்தான் வரவில்லை.

எங்கள் பக்கம் காது தூங்கலாம்.
டிரெய்லர் லாரி பிரேக் பிடித்து விடும் பெருமூச்சு
தாலாட்டுக் கணக்கில் சேர்ந்து வெகுநாள் ஆகிறது.
கண்ணும் தூங்கலாம், கொசு விட்டால்.
மூக்குக்கு மட்டும்
வாரம் ஏழு நாளும் நைட் டூட்டி.

மேற்கே காற்றென்றால் அழுகிய முட்டை.
வடக்கே என்றால் சாம்பல்,
அது நாக்கில்தான் முதலில் தெரியும்.
கடல் பக்கத்திலிருந்து கருவாடு. அது சொந்தக்காரன்,
எந்நேரமும் வரலாம்.
பெயர் தெரியாத ஒன்றும் உண்டு.
கண்ணைக் கிள்ளும்,
தொண்டைக்குள் நகம் வைக்கும்.
அது வந்த ராத்திரி
மூன்றாவது மாடியிலிருந்து
முகத்தில் ஈரத்துண்டோடு இறங்கினோம்.
மெல்பா அப்போது என் வயிற்றில்.
மைக் வைத்து யாரும் சொல்லவில்லை.
மூக்குதான் சொன்னது.
எதிர்வீட்டு மூக்கு, எங்கள் மூக்கு,
படிக்கட்டடியில் படுத்திருந்த நாயின் மூக்கு.

இப்போது அந்த மூக்கின்மேல்
ஊர் தெரியாத ஒரு பூ
பட்டுத்துணிபோல் விழுந்து கிடக்கிறது.
அதற்கடியில் ஏதாவது வந்தால்?

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். முகர்ந்தேன்.
வெறும் ராத்திரி.
வந்து படுத்தேன். மறுபடி போனேன்.
மூன்று மணிக்கு அவர் கண் திறந்து
'இன்னாடி பண்ற அங்க?' என்றார்.
சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
என் தலையணையை எடுத்து
தலைக்கு வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.
அதில் நான் எண்ணெய் விட்டிருந்தேன்.
அப்படியே எழுந்து போய்
பீரோவுக்குள் போட்டுப் பூட்டினார்.
ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து,
'என்னுதுல படு. நான் மோந்துக்கினு கீறேன்.
நீ தூங்கு.'

அதன் பிறகு ஒரு தலையணைக்கு மட்டும்தான்.
ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டை அவருக்கு.
முப்பத்தொன்று வந்தால் அடுத்தடுத்து எனக்கே இரண்டு நாள்,
அவர் கேட்டதில்லை.
மேடம் கேட்டார், 'தூக்கம் வருதா?'
'ஒருநாள் விட்டு ஒருநாள் வருது மேடம்,
மெட்ரோ தண்ணி மாதிரி.'

குப்பியின் தேதி போன வாரம் முடிந்தது.
வாசனைக்கு அது தெரியாது.

நேற்று சாயங்காலம்
ஒன்றாம் வகுப்பு விட்டு வந்த மெல்பா
பையைக்கூடக் கழற்றாமல்
படிக்கட்டில் நின்று மூக்கைத் தூக்கினாள்.
'அம்மா, இது முட்ட வாசன இல்ல. சாம்பலும் இல்ல.
வேற.'
கீழ்வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
பெயிண்ட் என்று சொன்னேன்.
நம்பாமல் இன்னொரு முறை முகர்ந்தாள்,
அவள் அப்பாவைப்போலவே
தலையைச் சாய்த்து.

ராத்திரி அவள் தலையணை ஓரத்தில்
குப்பியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ஒரு சொட்டு. வெகுநேரம் கழித்து
இன்னொன்று.
நாங்கள் இரண்டு பேரும்
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம்.